பாடம் செய்யும் தோலில் சேதம்: எதைத் தைக்கலாம், எதில் ஊசியே வைக்கக் கூடாது

விலங்குகளைப் பாடம் செய்யும் வேலைக்கு, அதாவது இறந்த விலங்கின் தோலைக் கெடாமல் பதப்படுத்தி உருவத்தின் மேல் போர்த்தி நிறுத்தும் வேலைக்கு, புதிதாக வருகிறவர்கள் முதலில் பயப்படுவது ஓட்டையைப் பார்த்துத்தான். ஆட்டுத் தோலை உரிக்கும்போது கத்தி இறங்கி உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்துவிட்டால், "அவ்வளவுதான், போச்சு" என்று தோலையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எங்கும் ஒரு கீறல்கூட இல்லாமல், ஆனால் மத்தியான வெயிலில் சில மணி நேரம் சுருட்டிக் கிடந்த தோலை அதே ஆள் ஆசையாகக் கொண்டுவருவார். முதல் தோலை முழுதாக மீட்டுவிடலாம். மீட்டபின் தையல் எங்கே என்று தேடினாலும் கண்ணுக்குப் படாது. இரண்டாவது தோலில் தொட்ட இடமெல்லாம் முடி கையோடு வந்துவிடும்.

கிழிசலை வைத்துத் தோலின் கதியை முடிவு செய்யக் கூடாது. தோலுக்குப் பலம் இருக்கிறதா, முடியைப் பிடித்துவைத்திருக்கும் அடுக்கு ஒட்டியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும்.

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் பழைய மாதிரிகளைச் சரிசெய்வதும், வளர்ப்பு விலங்குகளைப் பாடம் செய்து தருவதும் என் வேலை. இங்கே எடுத்துக்காட்டுக்கு வெள்ளாட்டுத் தோலையே எடுத்துக்கொள்கிறேன். கறிக்கடையில் கிடைக்கும், சட்டச் சிக்கல் கிடையாது, பழகுவதற்கு அதைவிட நல்ல தோல் இல்லை.

முடி ஏன் கழண்டு வருகிறது

தோலின் மேலே இருப்பது மெல்லிய மேல்தோல். அதன் கீழே தடித்த உள்தோல். அதற்கும் கீழே கொழுப்பும் சவ்வும். நாம் தோல் என்று கையில் பிடிப்பதன் பலம் முழுவதும் உள்தோலில் இருக்கிறது. கொலாஜன் என்னும் புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் அடுக்கு அது. முடியோ உள்தோலுக்குள் இறங்கியிருந்தாலும் அதை உறைபோலச் சுற்றிப் பிடித்திருப்பது மேல்தோலின் செல்கள்தாம். மேல்தோல் மயிர்க்காலுக்குள் மடங்கி இறங்கி முடியின் வேரைக் கவ்விக்கொண்டிருக்கிறது.

விலங்கு இறந்தவுடன் செல்கள் தாமே சிதையத் தொடங்கும், பாக்டீரியாவும் பெருகும். இந்த இரண்டுக்கும் முதலில் இரையாவது மென்மையான மேல்தோல். கொலாஜன் கெட்டுப்போக நாளாகும். அதனால்தான் அடியில் தோல் உறுதியாக இருக்கும்போதே மேலே முடி சாம்பல் நிற ஆடையோடு வழன்று வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பில் ஊறப்போட்டு இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். முடி போனால்தான் அவர்களுக்குத் தோல். நமக்கு முடி போனால் விலங்கே இல்லை.

கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கும். வெயிலும் காற்றின் ஈரமும் சேர்ந்து பாக்டீரியாவுக்குத் தோதான சூழலைக் கொடுக்கின்றன. மஞ்சக்குப்பத்தில் ஒரு கறிக்கடையில் தோல் சொல்லிவைக்கும்போது, "அண்ணே, உரிச்சதும் மடிச்சு வெச்சிடாதீங்க, விரிச்சே போடுங்க" என்றால், "அதுக்கென்ன தம்பி, சாயங்காலமா வந்து வாங்கிக்க" என்பார் கடைக்காரர். அவருக்கு அது கழிவு, சாயங்காலம் வரை இருந்தால் ஒன்றும் ஆகாது. நாம் உரிக்கும் நேரத்தில் அங்கேயே நிற்க வேண்டும். வாங்கிய உடனே சதைப் பக்கம் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் வழித்துவிட்டு உப்புப் போட வேண்டும். தோலின் எடையில் பாதிக்குக் குறையாத உப்பு, காது மடலுக்குள்ளும் உதட்டின் உட்புறமும் கால் குளம்பு வரையிலும் தேய்க்க வேண்டும். மறுநாள் நீர் விட்டுப் போன உப்பைத் தட்டிவிட்டுப் புது உப்பு.

உப்பில் தூள் உப்பே நல்லது. பக்கத்தில் மரக்காணத்து உப்பளம் இருக்கிறது, கல்லுப்புக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய பரல் தோலில் சீராகப் படியாது, பரலுக்கும் பரலுக்கும் இடையில் உப்பு படாத இடம் அப்படியே கெடும். தவிர, வெயிலில் விளைந்த உப்பில் உப்பிலேயே வாழும் செந்நிற நுண்ணுயிர்கள் இருக்கும். நாள்பட வைத்த தோலில் சிவப்புத் திட்டுகள் வருவது அவற்றால்தான்.

உப்புக்குப் பதில் தகரக் கூரை மேல் விரித்துக் காயவைப்பதை இங்கே நிறையப் பார்க்கிறேன். இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. ஈரத் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் சுருங்கிப் பசையாக மாறத் தொடங்கும். சித்திரை வெயிலில் தகரத்தின் சூடு அதை நெருங்கும். மேற்பரப்பு இறுகிக் கட்டை ஆகிவிட, நடுவில் சிக்கிய ஈரம் உள்ளேயே அழுகும். பார்க்க நன்றாகக் காய்ந்த தோல்போல இருக்கும். தண்ணீரில் போட்டால்தான் அடுக்கு அடுக்காகக் கொப்புளித்துப் பிரியும்.

கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

தோலைக் கவிழ்த்துப் போட்டு, வெளிச்சத்தில் சதைப் பக்கத்தை முதலில் பாருங்கள். நல்ல தோல் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். வயிற்றுப் பகுதியில் பச்சை அல்லது நீலம் படர்ந்திருந்தால் அங்கே அழுகல் தொடங்கிவிட்டது. முகர்ந்தும் பாருங்கள். ஆட்டு வாடை வேறு, அழுகல் வாடை வேறு. ஒருமுறை இரண்டையும் முகர்ந்தவருக்குக் குழப்பம் வராது.

அடுத்து முடியைச் சோதிப்பது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து முடியைப் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே மெல்ல இழுங்கள். முதுகில் சோதித்துப் பயனில்லை, அது கடைசியில்தான் கெடும். வயிறு, அக்குள், தொடை இடுக்கு, காது அடி, கண்ணைச் சுற்றி, உதட்டோரம் ஆகிய இடங்களில் பாருங்கள். ஒன்றிரண்டு முடி வருவது இயல்பு. கொத்தாக வந்து, வேர்ப் பக்கம் மெல்லிய ஆடை ஒட்டியிருந்தால் மேல்தோல் பிரிந்துவிட்டது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்காதீர்கள். இருக்கிற முடியும் போகும்.

மேல்தோல் நெகிழத் தொடங்கிய நிலையில் பிடித்துவிட்டால் நிறுத்த முடியும். அதற்குத்தான் அமில ஊறல். லிட்டருக்கு 100 முதல் 120 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் ஃபார்மிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ சேர்த்து, அமிலத்தின் வீரியத்தைக் காட்டும் பிஎச் அளவு 2 வாக்கில் இருக்கும்படி வைப்பார்கள். அந்த அமிலத்தில் அழுகல் பாக்டீரியா வேலை செய்யாது. உப்பு ஏன் என்றால், வெறும் அமிலத்தில் கொலாஜன் தண்ணீரை உறிஞ்சி வீங்கி நைந்துவிடும், உப்புதான் அந்த வீக்கத்தைத் தடுக்கிறது. எனவே உப்பு முதலில், அமிலம் பிறகு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் ஃபார்மிக் அமிலத்தின் பக்கம் போகவே கூடாது. தொடங்குகிறவர்களுக்கு சிட்ரிக் அமிலமே போதும். அளக்க பிஎச் தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாக்கும் மூக்கும் அளவுகோல் ஆகாது. ஊறலில் இருந்து எடுத்த தோலைச் சமையல் சோடாக் கரைசலில் அலசி அமிலத்தைத் தணித்த பிறகே பதனிட வேண்டும். முடி ஏற்கெனவே உதிர்ந்த இடத்தில் எந்த ஊறலும் அதைத் திரும்ப நட்டுத் தராது. பரவாமல் நிறுத்தும், அவ்வளவே.

ஓட்டையை மூடுவது

பதனிட்டு, ஈரம் இன்னும் இருக்கும்போது தைப்பது என் வழக்கம். பச்சைத் தோலில் தைத்தால் பின்னால் வழிக்கும்போது கத்தி தையலில் சிக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு தைத்தால் தோல் இழுத்த இழுப்புக்கு வராது.

நேரான கிழிசல் எளிது, இரண்டு விளிம்பும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும். தொல்லை வட்ட ஓட்டையில்தான். வட்டத்தை அப்படியே இழுத்துத் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் குவிந்து முடிச்சுபோல நிற்கும். முடி அந்த இடத்தில் சுழி விழுந்து எழுந்து நிற்கும். பார்க்கிற கண் நேராக அங்கேதான் போகும். ஆகவே வட்டத்தின் எதிரெதிர் இரண்டு பக்கத்திலும் சின்ன முக்கோணம் வெட்டி, ஓட்டையை இலை வடிவத்துக்கு நீட்டிக்கொள்ள வேண்டும். நல்ல தோலை இன்னும் வெட்டுவதா என்று மனசு வராது. ஆனாலும் வெட்ட வேண்டும். இலையின் நீளவாட்டு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைத் தோலே சொல்லும்: விளிம்புகளை விரலால் சேர்த்துப் பாருங்கள், எந்தப் பக்கமாகச் சிரமமில்லாமல் வந்து சேர்கிறதோ அதற்குக் குறுக்கே நீளம். விளிம்பில் காய்ந்து கறுத்துப் போன தோல் இருந்தால் அதையும் நல்ல தோல் தெரியும் வரை நறுக்கி எடுத்துவிட வேண்டும். செத்த விளிம்பு தையலைத் தாங்காது.

நறுக்குவதற்குக் கத்தரிக்கோல் கூடாது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் பாதி வேலை கைக்கு வந்த மாதிரி. கத்தரிக்கோல் தோலோடு முடியையும் வெட்டிவிடும், தையல் ஓரத்தில் மொட்டையாக ஒரு கோடு தெரியும். முடிப் பக்கம் கீழே தொங்கும்படி தோலை மேசையிலிருந்து தூக்கிப் பிடித்து, சதைப் பக்கத்திலிருந்து கூரிய பிளேடால் தோலின் கனம் மட்டும் கீற வேண்டும். பிளேடு முடியைத் தொடக் கூடாது.

ஊசி, ஆட்டுத் தோலுக்கு மூன்று பட்டை முனை கொண்ட தோல் ஊசி. நூல், தேன்மெழுகு தேய்த்த பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூல் நம் ஊர் ஈரத்தில் இற்றுவிடும். ஓட்டை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நல்ல தோலில் முடிச்சிட்டுத் தொடங்குங்கள். சதைப் பக்கம் மேலே இருக்க, பிளவுக்குள் ஊசியை இறக்கி முடிப் பக்கத்திலிருந்து சதைப் பக்கமாகக் குத்தி எடுங்கள். பிறகு எதிர் விளிம்பில் அதே மாதிரி. இப்படி மாறி மாறிப் போனால் இழுக்கும்போது இரண்டு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்கும். தையலுக்குத் தையல் மூன்று, நான்கு மில்லிமீட்டர். முடி குட்டையாக இருக்கும் முகத்தில் இன்னும் நெருக்கம் வேண்டும். ஒவ்வொரு தையலையும் இறுக்கும் முன் ஊசியின் பின்முனையால் சிக்கிய முடியை முடிப் பக்கமாகத் தள்ளிவிடுங்கள். ஒரு முடி சிக்கினால் அதோடு பக்கத்து முடியும் உள்ளே இழுபட்டு, வெளியே வகிடு எடுத்ததுபோல் தெரியும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் தையல் முடிந்து தோலைத் திருப்பிப் போட்டு, சீப்பால் ஒருமுறை வாரியதும் கிழிசல் காணாமல் போவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று சொல்லலாம்.

இழுத்து மூட முடியாத அளவுக்குத் தோல் போயிருந்தால் ஒட்டு வைக்க வேண்டும். ஒட்டுத் தோலை அதே விலங்கின் மறைவான இடத்திலிருந்து எடுப்பது முதல் தெரிவு: அடிவயிறு, உள்தொடை, பீடத்தோடு ஒட்டி மறையும் பகுதி. முடியின் திசை, நீளம், அடர்த்தி, நிறம் நான்கும் பொருந்த வேண்டும். நான்கும் கிடைக்காவிட்டால் நிறத்தை விட்டுக்கொடுங்கள், திசையை விட்டுக்கொடுக்காதீர்கள். நிறத்தைச் சாயத்தால் சரிக்கட்டலாம், தவறான திசையில் சாயும் முடியை எதனாலும் படியவைக்க முடியாது.

முடி மட்டும் உதிர்ந்து தோல் நன்றாக இருக்கும் இடத்தில், அளவு சின்னதாக இருந்தால் முடியை நட்டுவிடலாம். மறைவான இடத்து முடியைச் சிறு சிறு கொத்தாக எடுத்து, வேர்ப் பக்கத்தைப் பசையில் தொட்டு ஒட்ட வேண்டும். கூரைக்குக் கீற்று வேய்கிற மாதிரி கீழ் வரிசையில் தொடங்கி மேலே போனால், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பசைத் தடத்தை மூடிக்கொண்டே வரும். மூக்கு நுனி, காது மடல் ஓரம் போன்ற முடியில்லாத இடங்கள் உடைந்திருந்தால் எபாக்சி மாவு பிசைந்து வடித்து வண்ணம் பூசலாம். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் போன்றதே பழகுவதற்குப் போதும்.

ஊசி வைக்கக் கூடாத தோல்

பழைய வீடுகளில் சுவரில் மாட்டிய மான் தலை, கல்லூரி அலமாரியில் தூசி படிந்த கீரிப்பிள்ளை ஆகியவற்றின் கதை வேறு. ஒரு காலத்தில் படிகாரமும் உப்பும் தேய்த்துத்தான் பெரும்பாலும் பாடம் செய்தார்கள். படிகாரத்தின் பதம் நிரந்தரமல்ல, தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறும். தோலுக்குள் தங்கும் அமிலம் பல பத்தாண்டுகளாகக் கொலாஜன் இழைகளை நறுக்கிக்கொண்டே இருக்கும். வெளியே முடி பளபளவென்று இருக்க, உள்ளே தோல் அப்பளமாக நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். கிழிசலைப் பார்த்ததும் ஊசி எடுத்தால், ஊசி போட்ட துளை வரிசையே அடுத்த கிழிசலுக்கு வழிவிடும்.

மறைவான இடத்தில் நகத்தளவு தோலை லேசாக ஈரப்படுத்தி, நெகிழ்ந்ததும் இழுத்துப் பாருங்கள். நீண்டு கொடுத்தால் பலம் இருக்கிறது. ஈரத்தாளைப்போல் பிய்ந்துவந்தால் தைக்கும் கதை முடிந்தது. அப்படிப்பட்ட தோலுக்குப் பின்புறம் தாங்கல் கொடுக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் நீண்ட இழை கொண்ட ஜப்பானிய மெல்லிய காகிதத்தைக் கோதுமை மாப் பசையாலோ, பின்னால் எடுக்கக்கூடிய வேறு பசையாலோ பிளவின் அடியில் செருகி ஒட்டுவார்கள். புதுச்சேரி ஆசிரமத்தின் கையால் செய்த காகிதம் பேர்பெற்றது, அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அது பருத்திக் கூழில் செய்வது, கனமானது. இங்கே வேண்டியது ஊதினால் பறக்கும் மென்மையும் இழுத்தால் அறுபடாத நீள இழையும். ஃபெவிக்கால் ஊற்றி அடைப்பதை மட்டும் செய்யாதீர்கள். காய்ந்தால் அது தோலைவிடக் கடினமாகி, பக்கத்துத் தோலைப் பிளக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து மருந்தாளர் ழான் பாதிஸ்த் பெக்கூர் பூச்சியைத் தடுக்க ஆர்சனிக் கலந்த சோப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். அது உலகமெங்கும் பரவி, 20ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. ஆகவே பழைய மாதிரி எதுவானாலும் அதில் ஆர்சனிக் இருப்பதாகவே எண்ணிக் கையுறை, நல்ல முகக்கவசத்தோடு தொடுங்கள். அதை ஊதியோ துடைப்பத்தால் தட்டியோ சுத்தம் செய்யக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பிரிக்கவே வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாடம் செய்த உருவங்களையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. தாத்தா காலத்து மான் தலைக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் தந்த உரிமைச் சான்றிதழ் இருக்க வேண்டும். வாரிசுக்குப் போகலாம், விற்கக் கூடாது. பாடம் செய்வதைத் தொழிலாக நடத்தவும் உரிமம் தேவை. சாலையில் அடிபட்ட கிளியோ உடும்போ கிடந்தால் எடுத்துவந்து பழகலாமே என்று நினைக்காதீர்கள், அவை இறந்தாலும் அரசின் சொத்து. சான்றிதழ் இல்லாத மான் தலை வந்தால் நான் தொடுவதில்லை. எவ்வளவு அழகான வேலைப்பாடாக இருந்தாலும் சரி. 1900 வாக்கில் தொடங்கி 1999 வரை மைசூரில் இயங்கிய வான் இங்கன் நிறுவனத்தார் செய்த சிறுத்தைகளையும் புலிகளையும் பார்த்தால், இந்தக் கலை எந்த உயரத்துக்குப் போயிருந்தது என்பது புரியும். அத்தனை தோலுக்கும் பின்னால் இருந்த வேட்டையும் சேர்ந்தே நினைவுக்கு வரும். இன்று மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மையம் போன்ற இடங்களில் இயற்கையாக இறந்த விலங்குகளை அரசு அனுமதியோடு பாடம் செய்கிறார்கள். இந்தக் கைத்தொழில் போக வேண்டிய பாதை அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தைத்த பிறகு

பெரிய சேதத்தை ஊசியால் மட்டுமே தீர்க்க வேண்டும் என்பதில்லை. விலாவில் ஒரு கை அகலம் தோல் இல்லையென்றால், உள்ளே வைக்கும் உருவத்தை ஓர் அளவு சின்னதாகச் செய்துகொண்டால் தோலில் இழுப்பு குறையும். ஆடு படுத்திருப்பதாக வைத்தால் ஒரு பக்கம் முழுவதும் தரையோடு போய்விடும். தலை, கழுத்து மட்டும் வைத்துச் சுவரில் மாட்டினால் சேதமே வெளியில் வராது. உருவம் நிற்கும் நிலையைத் தோலைப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பவருக்குப் பாதி ஒட்டு வேலை மிச்சம்.

உருவத்தின் மேல் போர்த்திய தோல் காயும்போது சுருங்கும். நன்றாக நின்ற தையல் பிளப்பது அந்த நேரத்தில்தான். தையலின் இருபுறமும் அட்டைத் துண்டு வைத்துக் குண்டூசி குத்தி, முதல் வாரம் தினமும் பார்த்துவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் தோல் காயவே காயாது. அவசரப்பட்டு ஹீட்டர் வைத்தால் முடிப் பக்கம் முந்திக் காய்ந்து தையலைத் திறந்துவிடும். மின்விசிறிக் காற்றும் பொறுமையும் போதும். சரியாக அலசாமல் உப்பு தங்கிய தோல் அந்த மாதங்களில் காற்றின் ஈரத்தை இழுத்து வேர்த்துக்கொண்டே இருக்கும், பின்னாலேயே பூஞ்சை வரும். பதனிடும் முன் அலசுவதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

காய்ந்த மாதிரியில் உதிர்ந்த முடியும் அடியில் மணல்போன்ற துகளும் கண்டால் தோல் வண்டின் புழு புகுந்திருக்கிறது. இரட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் தோலில் படிந்துவிடும். புழு தின்ற இடத்தில் முடி நடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.